சொல் விளக்கம்: டெம்ப்ளேட் – வார்ப்புரு

வலைத்தளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் தளம் கட்டியவர்களுக்கு 'பேஸ்' என்ற டெம்ப்ளேட் கோப்பு நன்றாகவே பழகியிருக்கும். தளத்தின் பெயர், மெனு, அடிப்பகுதி எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கும். நடுவில் 'பிளாக்' என்று பெயரிட்டுச் சில இடங்களை விட்டிருப்பார்கள். மற்ற பக்கங்கள் தொடக்கத்திலேயே 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு, அந்த இடங்களை மட்டும் நிரப்பும். நிரப்பாத இடத்தில் பேஸ் கோப்பில் எழுதியிருப்பதே வரும். மெனுவில் ஒரு வரி மாற்ற ஒரு கோப்பைத் தொட்டால் போதும். ஜாங்கோ போன்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் இதற்கு லேஅவுட் என்று பெயர். பக்கம் வந்து உட்காரும் இடம் 'யீல்ட்'.

2005இல் வெளியான ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு நாளிதழின் வலைப் பிரிவில் உருவானது. இதழின் பெயர் மாறாமல் செய்தி மட்டும் தினமும் மாறும் இடம் அது.

சரி, டெம்ப்ளேட் என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் அதன் பழைய வடிவம் டெம்ப்லெட். தறியில் துணி சுருங்காமல் இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடிக்கும் குச்சியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. பிறகு, வெட்டும் பொருளுக்கு அளவு காட்டும் பலகைக்கும் அந்தப் பெயர் வந்தது. தகட்டைக் குறிக்கும் 'பிளேட்' என்ற சொல்லின் சாயல் படிந்து, 19ஆம் நூற்றாண்டில் இன்றைய எழுத்துக்கூட்டல் அமைந்தது.

தமிழில் வார்ப்புரு. வார்ப்பு என்பது உருக்கிய உலோகத்தை ஊற்றி எடுப்பது. உரு என்பது வடிவம். தமிழ் விக்கிப்பீடியா வழியாக இந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. 'மாதிரி' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் மாதிரி பார்த்துச் செய்வதற்கு உரியது, உள்ளே நிரப்புவதற்கு அல்ல. எனக்கு வார்ப்புருவே பிடிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். விக்கிப்பீடியாவில் வார்ப்புரு கட்டுரைக்குள் போய் உட்காரும். ஜாங்கோவின் பேஸ் கோப்பில் நடப்பது தலைகீழ்: பக்கம்தான் வார்ப்புருவுக்குள் உட்காருகிறது. அச்சிலிருந்து சிலையைப் பிரித்து எடுப்பது போலவும் இல்லை; அச்சே பக்கத்தோடு சேர்ந்து வாசகருக்குப் போகிறது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுவை நெய்ய விடும் அந்தத் தறிக் குச்சிதான் இதற்கு மிக நெருக்கம். சட்டகம் என்றால் பொருந்தும்தான், ஆனால் அதை ஃபிரேம்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் பேஸ் கோப்பை 'அடிப்படை வார்ப்புரு' என்றும், ரெயில்ஸின் லேஅவுட்டை 'பக்க அமைப்பு' என்றும் எழுதுகிறேன். பிளாக்கைத் 'தொகுதி' என்பதைவிட 'நிரப்பிடம்' என்றால், புதிதாகக் கற்பவருக்கு அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே புரிந்துவிடும்.