பேட்டர்ன் மாட்டலைன்னா புது வெர்ஷன் வரலைன்னு அர்த்தம் இல்லீங்க

தரமணியில ஒரு ஆபீஸ்ல லினக்ஸ் பேக்கேஜிங் வேலை பாக்குறேன், அதாவது சாஃப்ட்வேரை சர்வர்ல போடுற மாதிரி பேக்கேஜா கட்டித் தர்ற வேலை. எங்க சர்வர்ல ஓடுறதுல பாதிக்கு மேல வெளிய யாரோ எழுதி ஃப்ரீயா விடுற சாஃப்ட்வேர்தான், அவங்க புது வெர்ஷன் விட்டா நமக்கு போன் போட்டு சொல்ல மாட்டாங்க, நாமதான் போய் பாக்கணும். டெய்லி ஒவ்வொண்ணா கையால பாக்க முடியுமா? டெபியன்ங்கிற லினக்ஸ்ல இதுக்கு வாட்ச் ஃபைல்னு ஒண்ணு வெப்பாங்க. டவுன்லோட் பக்கத்தோட அட்ரஸும், ஃபைல் பேரு எப்படி இருக்கும்னு சொல்ற பேட்டர்னும் (இதைத்தான் ரெகெக்ஸ்னு சொல்வாங்க) அதுல இருக்கும், யூஸ்கேன்ங்கிற டூல் அந்தப் பக்கத்துல உள்ள லிங்க்கை எல்லாம் அதோட ஒப்பிட்டு, மாட்டுனதுல பெரிய நம்பரை எடுத்து நம்மகிட்ட இருக்குறதோட கம்பேர் பண்ணும்.

போன வருஷம் டீம்ல இருக்குற தம்பி ஒருத்தன் வந்து, "அண்ணா, இந்த லைப்ரரிக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் வந்து நாலு மாசம் ஆச்சாம், நம்மகிட்ட ஏன் இன்னும் பழசு இருக்கு?"ன்னு கேட்டான். எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. டேஷ்போர்டுல 'புதுசு எதுவும் இல்ல'ன்னு பச்சையாதான் இருந்துச்சு. உள்ள போய் பாத்தா, அதுவரைக்கும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 'வி2.3.1' மாதிரி டேக் (பேரு) போட்டுட்டு இருந்தவங்க 'ரிலீஸ்-2.4.0'ன்னு மாத்திட்டாங்க, நான் எழுதுன பேட்டர்ன்ல முன்னாடி அந்த 'வி' கட்டாயம், பழைய டேக் எல்லாம் அப்படியே இருந்ததால அதுல பெருசான 2.3.1-ஐ எடுத்து 'லேட்டஸ்ட்தான்'னு தினமும் காலையில சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. பஸ் ஸ்டாப்பைத் தள்ளி வெச்சது தெரியாம பழைய இடத்துல நின்னுக்கிட்டு வண்டியே வரலைன்னு சொல்ற மாதிரி.

சுத்தமா எதுவுமே மாட்டலைன்னா யூஸ்கேன் வார்னிங் குடுக்கும், தினமும் தானா ஓடுற கிரான் ஸ்க்ரிப்ட்ல அந்த வார்னிங்கைத் தூக்கிப் போடாம இருந்தா போதும். நிறைய பேர் கோடு போட்டு வெக்கிற கிட்ஹப் சைட்டோட ரிலீஸ் பக்கத்துல ஃபைல் லிங்க்கை பின்னாடி தனியா லோட் ஆகுற மாதிரி மாத்துனப்போ நிறைய வாட்ச் ஃபைல் அப்படித்தான் உடைஞ்சுது, ஆனா உடைஞ்சது தெரிஞ்சுது. பழசுல போய் மாட்டிக்கிட்டு பச்சை காட்டுறதுதான் ஆபத்து.

ஹார்ட்பிளீட்னு பெரிய செக்யூரிட்டி ஓட்டை வந்துச்சே ஞாபகம் இருக்கா, 2014 ஏப்ரல்? அது இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்கிரிப்ஷன் லைப்ரரியில, அதைச் சரி பண்ண வெர்ஷன் 1.0.1ஜி. கடைசியில ஒரு எழுத்து. நீங்க [0-9.]+ன்னு, அதாவது நம்பரும் புள்ளியும் மட்டும்னு எழுதியிருந்தா அந்த ஜி போட்ட ஃபைல் கண்ணுலயே படாது, மாட்டுறதுல பெருசு 2012-ல வந்த வெறும் 1.0.1 தான். அதனால ரெகெக்ஸ் எழுதுன உடனே, இப்ப நம்மகிட்ட இருக்குற வெர்ஷனையாவது அது கண்டுபிடிக்குதான்னு பாருங்க, கையில இருக்குறதையே காட்டலைன்னா நாளைக்கு வரப்போறதை எப்படி காட்டும்?

அதுக்காக எல்லாத்தையும் .*ன்னு, அதாவது எது வேணா வரலாம்னு திறந்து விட்டா டாக்குமென்டேஷன் ஃபைல் எல்லாம் வெர்ஷன்னு உள்ள வந்துரும். ஆர்சி, அதாவது ஃபைனலுக்கு முன்னாடி விடுற சோதனை வெர்ஷன் விஷயம் இன்னும் மோசம். டெபியன் கணக்குல 3.0ஆர்சி1 வந்து 3.0-வை விட பெருசு, அதனால ஃபைனல் வந்த பிறகும் டூல் ஆர்சியையே புதுசுன்னு காட்டும். நடுவுல ஒரு டில்டே சேத்து 3.0~ஆர்சி1-ன்னு மாத்துற ரூலை வாட்ச் ஃபைல்ல போட்டுட்டா சரியாயிடும், டில்டே இருந்தா 3.0-க்கு முன்னாடி போய் நிக்கும்.

இன்னொண்ணு, புது வெர்ஷன் கிடைச்ச உடனே தானா பில்ட் ஆகி சர்வருக்குப் போற மாதிரி தயவுசெஞ்சு வெக்காதீங்க. 2024-ல எக்ஸ்இசட்ங்கிற கம்ப்ரஷன் சாஃப்ட்வேரோட 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் பேக்டோர் (திருட்டு வழி) வந்துச்சே, அதைக் கிளப்பி விடுற வரி எல்லாரும் பாக்குற கோடு இருக்குற கிட்ல இல்ல, டவுன்லோடுக்குக் கட்டி விடுற டார்பால் ஃபைல்ல மட்டும்தான் இருந்துச்சு. பேட்டர்ன் அதையும் சந்தோஷமா 'புதுசு'ன்னுதான் சொல்லும். என்ன மாறியிருக்குன்னு ஒரு ஆள் உக்காந்து படிக்கணும்.

நாங்க இப்ப ரெண்டு விஷயம் சேத்திருக்கோம். ஆறு மாசமா ஒரு பேக்கேஜ் அசையவே இல்லைன்னா பச்சை போய் மஞ்சள் ஆயிடும், ஒருத்தர் பக்கத்தைத் திறந்து கண்ணால பாக்கணும். அப்புறம் நம்பர் இருந்தும் பேட்டர்ன்ல மாட்டாத லிங்க் எல்லாம் தனியா ஒரு லிஸ்ட்டா வரும். திங்கக்கிழமை காலையில அந்த லிஸ்ட்டைப் பாக்குறது அதே தம்பிதான், போன வாரம் கூட டேக் பேரு மாறுன ரெண்டைப் பிடிச்சுக் குடுத்தான்.