பழைய டைவிங் கம்ப்ரசர்: ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வேலை

மலேசியாவின் சித்தியவான் சுற்றுவட்டாரத்தில் பகல் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒவ்வொரு கனமீட்டரிலும் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கிறது. கடலில் மூழ்குபவர் முதுகில் சுமக்கும் 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்குக்கு, நிரப்ப 2,400 லிட்டர் காற்று வேண்டும். ஆக, ஒரு சிலிண்டருக்காகக் கம்ப்ரசர் இழுக்கும் தண்ணீர் 58 கிராம், நான்கு மேசைக்கரண்டி. மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 12021 அனுமதிப்பதோ கனமீட்டருக்கு 25 மில்லிகிராம். அதே சிலிண்டருக்கு 0.06 கிராம்.

இந்த வேலையை ஃபில்டர்தான் செய்கிறது என்று நினைத்துப் பலர் பழைய இயந்திரத்துக்குப் புது ஃபில்டரை மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி. நீராவி எவ்வளவு தங்கும் என்பதை இடமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 2,400 லிட்டர் காற்று 12 லிட்டராகச் சுருங்கி 40 டிகிரிக்கு ஆறினால், அந்த 12 லிட்டரில் சுமார் 0.6 கிராம் ஆவிதான் தங்கும். மீதி 57 கிராமும் தண்ணீராகி, ஃபில்டருக்கு முன்னால் தண்ணீரைப் பிரிக்கும் கலனான செப்பரேட்டரில் விழுந்துவிடும். காற்று 50 டிகிரியில் வெளியே வந்தால் ஃபில்டருக்குப் போவது 1 கிராம். ஃபில்டரில் ஈரத்தை உறிஞ்சும் மணிகளான 13எக்ஸ் மாலிக்யூலர் சீவ் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் மணிகள் 40 டிகிரியில் 33 சிலிண்டர் தாங்கும். 50 டிகிரியில் 20தான். பத்து டிகிரிக்கு இவ்வளவு விலை.

ஆகவே பழைய இயந்திரத்தில் முதல் கை குளிர்ச்சிப் பக்கம் போக வேண்டும். டயர் கடை கம்ப்ரசர் 8 பாரோடு நின்றுவிடும். டைவிங் கம்ப்ரசர் காற்றை ஏறத்தாழ 6, 35, 200 பார் என மூன்று கட்டமாக அழுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் சுருளில் ஆறவிடுகிறது. ஒரே மூச்சில் 200க்கு அழுத்தினால், கணக்குப்படி 1,000 டிகிரியைத் தாண்டிவிடும். கம்ப்ரசரின் சொந்தச் சிலிண்டர்களைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் தகடுகளான ஃபின்களிலும் கூலர் சுருளிலும் எண்ணெயோடு ஒட்டிய செம்மண் தூசியைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு எடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். அதன் ஆவி பிறகு யாரோ ஒருவரின் நுரையீரலுக்குத்தான் போகும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு வயர் மாறியிருந்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். இயந்திரம் ஓடும், காற்றும் ஏறும், சூடு மட்டும் இறங்காது. 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து வந்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும் என்பதால் புல்லியின் அளவையும் பார்க்க வேண்டும்.

அடுத்து வால்வுகள். கழற்றும்போது தட்டிலும் ஸ்பிரிங்கிலும் கறுப்புக் கரி படிந்திருந்தால், எண்ணெய் கருகியிருக்கிறது என்று பொருள். கருகும் எண்ணெய் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் உண்டாக்கும். சேஃப்டி வால்வு எங்கே சீறுகிறது என்பது நல்ல குறிப்பு. முதல் கட்டத்தின் சேஃப்டி வால்வு திறந்தால் பெரும்பாலும் பழுது அதில் இல்லை. இரண்டாம் கட்டத்தின் உள்வால்வு கசிந்து அழுத்தத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சீறுகிற வால்வைத் திருகி இறுக்கி வாயடைப்பவர்கள் உண்டு. அது பழுதுபார்ப்பு ஆகாது. கடைசிக் கட்டத்தின் பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட ஜோடியாக வரும். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்றுங்கள். ஓ-ரிங், செப்பு வாஷர் எல்லாம் புதிது. ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, டார்க் ரெஞ்சில், கையேட்டின் அளவுக்கு.

எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மோட்டார் எண்ணெய் ஊற்றக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன மூச்சுக்காற்று கம்ப்ரசர் எண்ணெய்தான். வகை மாற்றினால் பழையதைக் கழுவி எடுத்த பிறகே.

ஃபில்டர் மணிகளைத் தாங்கும் அலுமினியக் கலனான ஃபில்டர் கோபுரத்தின் உள்சுவரில் குழி விழுந்த அரிப்போ திருகுமரையில் விரிசலோ இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அலுமினியம் அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் களைக்கிறது. கோபுரத்துக்குள் முதலில் சீவ், பிறகு கரி, பெட்ரோல் என்ஜின் என்றால் ஹாப்கலைட்டும். கரி எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் பிடிக்கும். பாகான் டத்தோவில் குவியும் தேங்காய்ச் சிரட்டையும் இந்தக் கரிக்கு நல்ல மூலப்பொருள். ஆனால் கரியால் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்க முடியாது. மாங்கனீசு டைஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ஹாப்கலைட் அதைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றும். ஈரம் பட்டால் செயலிழந்துவிடும், அதனால்தான் சீவ் முன்னால் நிற்கிறது. மணிகளைக் கொட்டும்போது தட்டித் தட்டி இறுக்குங்கள். இடைவெளி இருந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும். நிரப்பியதும் எடை போட்டு எழுதி வையுங்கள். பின்னாளில் கூடும் எடைதான் குடித்த தண்ணீர்.

கோபுரத்துக்குப் பிறகு அழுத்தம் காக்கும் வால்வு இல்லாத பழைய இயந்திரங்கள் உண்டு. காலி சிலிண்டரை மாட்டினால் ஃபில்டருக்குள் 50 பார் காற்றுதான் ஓடும். அதே அளவு காற்று, 200 பாரில் சுமப்பதைப்போல் நான்கு மடங்கு ஆவியைச் சுமந்து போகும். ஏறக்குறைய 120 முதல் 150 பார் வரை வழியை அடைத்து வைக்கும் அந்த வால்வைப் போடுவது, இன்னொரு ஃபில்டர் வாங்குவதைவிடப் பயன் தரும்.

உள்ளிழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பதும் இயந்திரத்தின் பகுதிதான். தரவிதியின் வரம்பு 5 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு, அதாவது பத்து லட்சம் பங்கில் 5 பங்கு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார். அங்கே 10 பிபிஎம், தரையில் 40 பிபிஎம் செய்வதைச் செய்யும். பாங்கோர் தீவுக்குப் போகும் சிலிண்டரை நிரப்பும் நேரத்தில் செம்பனை ஆலையின் கொதிகலன் புகை இந்தப் பக்கம் வீசினால், குப்பை எரிந்தால், புகைமூட்டக் காலம் என்றால், நிறுத்திவிடுங்கள். பக்கத்து நிரையில் களைமருந்து அடிக்கும் நாளிலும் அப்படியே.

பூட்டியதும் அரை மணி நேரம் அழுத்தமின்றி ஓட்டுங்கள். பிறகு 50, 100, 200 பார் என ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கடைசிக் கூலரிலிருந்து வரும் குழாய், சுற்றுக் காற்றைவிட 10 முதல் 15 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் இயந்திரம் கால் மணியில் 36 கிராம் தண்ணீர் சேர்க்கும் என்பதால், அந்த இடைவெளிக்குள் வடிகால் குமிழைத் திறந்தாக வேண்டும். வேலை முடிந்ததும் கோபுரத்தை முழுக்கக் காலி செய்யாமல் 50 பார் விட்டுவையுங்கள். இராத்திரி ஈரக்காற்று உள்ளே புகாது.