பனியன் பஞ்சும் செம்புக் குழாயும்

"ஏனுங்க மாமா, கேம் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல படம் திக்கித் திக்கி வருது, அப்புறம் பொட்டியே அணைஞ்சு போயிருதுங்க. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கோணுங்களா?"

திருப்பூரிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான். அவன் பேச்சுக்குப் பின்னால் கீழ்த்தளத்துப் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சல். பாதி விடை எனக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

கார்டு இருக்கட்டும், முதலில் சூட்டைப் பார் என்றேன். வெப்பநிலை காட்டும் இலவச நிரல்கள் இருக்கின்றன. விளையாடும்போது 80 டிகிரி வரை கவலையில்லை. 95, 100 என்று போனால் கணினியின் மூளையான செயலி (பிராசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்குவது அதனால்தான். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும்.

சூடு எவ்வளவு என்பதைவிட எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கேம் திறந்த ஓரிரு நொடியில் 95-க்குத் தாவினால், செயலிக்கும் அதன் சூட்டை வாங்க மேலே உட்கார்ந்திருக்கும் கூலருக்கும் நடுவே ஒட்டுதல் கெட்டிருக்கிறது: இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும், இல்லையென்றால் திருகு தளர்ந்திருக்கும். நிமிடக்கணக்கில் மெல்ல ஏறினால், உலோகம் சூட்டை வாங்கிக்கொள்கிறது, காற்றிடம் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. இவனுக்கு மெல்லத்தான் ஏறியது. பக்கத் தகட்டைக் கழற்றி ஓடவிட்டும் இறங்கவில்லை. பெட்டியின் காற்றோட்டம் மட்டும் காரணமாக இருந்தால் இறங்கியிருக்கும். ஆக, கூலரின் தகடுகள் அடைத்திருக்கின்றன.

அந்தச் சூடு எப்பேர்ப்பட்டது என்பதற்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட், அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். செயலியில் 100 வாட், இரண்டு சதுர செ.மீ. சிலிக்கானிலிருந்து கிளம்புகிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட்! கட்டைவிரல் நகம் அளவு இடத்திலிருந்து இதை அள்ளிக்கொண்டு போவதுதான் கூலரின் செம்புக் குழாய்.

பார்த்தால் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் சாதாரணக் கம்பி மாதிரி இருக்கும். பழுதான கூலர் ஒன்றின் குழாயை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். தண்ணீர் கொட்டும் என்று நினைத்தால், உள்ளே ஈரக்கசிவு மட்டும்தான். உட்சுவரில் ரவையை ஒட்டவைத்தது போலச் செம்புத் துகள் படலம். நடுவில், அறுப்பதற்கு முன்பு வரை, காற்றில்லாத வெற்றிடம். இந்த மூன்றும் போதும்.

ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது, காற்றழுத்தம் குறைவு என்பதால். குழாய்க்குள் காற்றே இல்லை, ஆகவே 40, 50 டிகிரியிலேயே தண்ணீர் ஆவியாகிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராம் ஆவியாக, இந்த வெப்பநிலையில் ஏறக்குறைய 2400 ஜூல் வேண்டும். செயலியின் சூடு அத்தனையும் ஆவியின் மடியில் ஏறி, குளிர்ந்த முனைக்கு ஓடுகிறது. அங்கே தகட்டில் சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பவும் தண்ணீராகிறது. கணக்குப் போட்டால், 100 வாட்டுக்கு 24 நொடிக்கு ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் போதும்.

தண்ணீர் திரும்பி வருவது எப்படி? அந்த ரவைப் படலம்தான் திரி. அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே நுண்துளை ஈர்ப்பு. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. இன்னொரு பழைய கூலரின் அடிப்பாகத்தை வெந்நீரில் வைத்துக்கொண்டு குழாயின் மறுமுனையைப் பிடித்தேன். சில நொடியில் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

1944-இலேயே இந்த வகைக் குழாய்க்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பதிவாகி, ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. 1963-இல் அமெரிக்க அரசின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி விண்வெளியில் மின்சாரம் தயாரிப்பதற்காக இதைப் புதிதாகச் செய்துகாட்டினார். அரசுப் பணத்தில் நடந்த அந்த வேலைதான் இன்று பையன்களின் மேசைக்கடியில் ஓடுகிறது. உடனே என்ன லாபம் என்று கேட்டு ஆராய்ச்சிக்குக் காசை இறுக்குகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். அக்கா, "கண்ணு பட்டிருச்சு" என்று வெள்ளிதோறும் கணினிக்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார். பூசையறையில் காட்டட்டும், கணினிப் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகையின் பிசுக்குத் தகட்டில் படிந்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். விசிறியைக் கழற்றினால் வெள்ளையும் நீலமுமாகப் பனியன் பஞ்சு, கம்பளித் துண்டு மாதிரி. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது முழுசாக உரிந்து வந்தது.

மிச்சத்தைப் பிளோயரால் ஊதினோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். கம்பெனி கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அது ஆகாது. கையோடு பழைய பேஸ்ட்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதிது வைத்தோம். பெட்டியைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றினோம். அரை மணி நேரம் விளையாடியும் 76-ஐத் தாண்டவில்லை.

"பொட்டியப் படுக்க வெச்சாத் தண்ணி திரும்பி வருங்களா மாமா?"

"வரும் மாப்ள. திரிதான் இழுக்குது. சூடாகற முனை மேல, தகடு கீழன்னு தலைகீழா வெச்சாத்தான் கொஞ்சம் திணறும்."