முற்றிய புற்றுநோயும் முற்றத்து நடையும்

தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ திரும்புகிறவரிடம் வீட்டார் முதலில் சொல்வது, "பேசாமல் படுங்கோ அப்பா, ஒண்டும் செய்யாதேங்கோ" என்பதுதான். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய நிலையிலும், நடக்கக்கூடியவரை நாள் முழுக்கப் படுக்க வைத்தால் அவருடைய களைப்பு கூடும்.

வயலில் அருவி வெட்டிவிட்டு வருகிறவரின் களைப்பு ஓரிரவு நித்திரையோடு போய்விடும். புற்றுநோய்க் களைப்பு அப்படிப் போகாது. கட்டியும் அதை எதிர்க்கும் நோயெதிர்ப்புக் கலங்களும் இன்ரலூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையில் சோர்வையும் பசியின்மையையும் உண்டாக்கும். தசையின் புரதத்தையும் சிதைக்கும். போதாக்குறைக்கு இரத்தச்சோகை. களைப்பதால் படுக்கிறார், படுப்பதால் தசை கரைகிறது, பிறகு கிணற்றடிக்குப் போவதே பெரிய வேலையாகிவிடுகிறது. இந்த நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் கட்டிலிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. அழற்சியும் சேர்ந்த உடம்பு எவ்வளவு இழக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடை இந்தச் சுழலுக்குள் குறுக்கே விழுகிறது. தசைக்கு வேலை இருந்தால்தான் உடம்பு அதைக் காப்பாற்றும். நாளாக நாளாகத் தசைக் கலங்களில் சக்தியை ஆக்கும் இழைமணிகள் பெருகும். அதே தூரத்துக்கு இதயம் குறைவாக உழைத்தாலே போதும். ஒவ்வோர் அடியிலும் கெண்டைத் தசை நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. காலில் இரத்தம் உறையும் ஆபத்துள்ள இந்த நோயாளருக்கு அது முக்கியம்.

2024இல் வெளியான ஐரோப்பிய, அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பரவிய மார்புப் புற்றுநோயுள்ள 357 பேர் பங்கெடுத்தார்கள். அவர்களில் 9 மாதம் வாரம் இருமுறை, பெரும்பாலும் மேற்பார்வையோடு, பயிற்சி செய்தவர்களுக்குக் களைப்புக் குறைந்தது. அது வெறும் நடையல்ல, தசைப் பயிற்சியும் சேர்ந்தது. நடை கட்டியைக் கரைக்காது. கரைக்கும் என்று சொல்கிறவரை நம்பவேண்டாம். ஆனால் ஒருவர் தானே எழும்பிக் குளிக்கவும், பேரப்பிள்ளையோடு கோயிலடிக்குப் போய்வரவும் முடிவது சின்ன விஷயமில்லை.

விறாந்தையிலிருந்து படலை வரை போய் வருவதே நல்ல தொடக்கம். வழியில் வேம்பின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுவிடுங்கள். இருக்க இடமுண்டு என்று தெரிந்தால்தான் கால் துணியும். 5 நிமிடம் நடந்தாலும் போதும், பின்னேரம் இன்னொருதரம் நடக்கலாம். கூட நடக்கிறவரோடு கதைக்க முடியவேண்டும். வசனம் பாதியில் மூச்சுக்காக நின்றால் வேகம் கூடிவிட்டது. வன்னி வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்னரோ வெயில் தாழ்ந்த பிறகோ நடப்பதுதான் சரி. குளக்கட்டில் காற்று நல்லது, ஆனால் யானை நடமாடும் பக்கமென்றால் வளவுக்குள்ளேயே நடக்கட்டும். சில கீமோ மருந்துகளால் பாதம் விறைத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. தேய்ந்த பாட்டாவைக் கழற்றிவிட்டு, பின்வார் உள்ள செருப்பை வாங்கிக் கொடுங்கள். விரைவாக வேலைசெய்யும் மோர்பின் குளிசையோ பாணியோ எடுப்பவர், அதை எடுத்து முக்கால் மணிநேரம் கழித்து நடந்தால் நோ குறைவாக இருக்கும்.

எலும்பில் பரவியிருந்தால் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கக்கூடாது. காலை ஊன்றும்போது தொடையில் கூடும் நோ, எலும்பு முறியப்போகிறது என்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். திடீரென்று கால்கள் பலமிழந்தாலோ சலம் அடைத்தாலோ முள்ளந்தண்டு நாண் நசிபடுகிறதா என்று அன்றைக்கே பார்க்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சல் வந்தாலும் நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வெறுமனே ஏலாத நாள்களும் வரும். அன்றைக்குக் கதிரையில் இருந்தபடி குதிகளை உயர்த்தி இறக்கட்டும். அடுத்த நாள் பாதித் தூரத்திலிருந்து தொடங்கலாம்.