கான்கிரீட்டுக்குத் திறன் எதற்கு? 'பதம்' போதும்

"சாலைத்தளத்துக்கு மிகக் குறைந்த வேலைத்திறன் கொண்ட கான்கிரீட் தேவை." இப்படிப் படிக்கிற மாணவர் என்ன நினைப்பார்? கையாலாகாத கலவையைக் கொட்டினால் போதும் என்றா? ஈரக் கலவையைக் கையாண்டு இறுக்குவது எவ்வளவு எளிது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஒர்க்கபிலிட்டி'யை இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கு 'வேலை', மற்றொன்றுக்குத் 'திறன்' என்று ஒட்டியதன் விளைவு இது.

திறன் வேலை செய்பவருக்கு உரியது. இங்கே வேலை செய்பவர் கொத்தனார். கலவை வேலைக்கு உட்படுவது. கலவையிலுள்ள காற்றை வெளியேற்றி அதை முழுமையாக இறுக்க எவ்வளவு உள்வேலை தேவை என்பதே ஒர்க்கபிலிட்டி என்று பிரிட்டனின் சாலை ஆய்வாளர்கள் வரையறுத்தார்கள். அந்த வேலை கலவைக்குள் நடப்பது, கலவை செய்வதல்ல. சிலர் 'செயல்திறன்' என்றும் எழுதுகிறார்கள். எஞ்சினுக்கும் அதே சொல், அரசு அலுவலகத்துக்கும் அதே சொல், இப்போது ஈரக் கலவைக்குமா?

கட்டட வேலையில் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: பதம். 'கலவை பதமா இருக்கா?' என்றுதான் கேட்பார்கள். அது வடசொல் ஆயிற்றே என்பார் தனித்தமிழ் ஆர்வலர். சொல்லைக் குறிக்கும் பதம் வேறு, பக்குவத்தைக் குறிக்கும் பதம் வேறு. பின்னதற்குக் கன்னடத்தில் 'ஹத', தெலுங்கில் 'பதுனு' என்று உடன்பிறப்புகள் உண்டு.

நியாயமான மறுப்பு வேறொன்று. பதம் என்றாலே சரியான நிலைதானே, 'குறைந்த பதம்' எப்படி வரும்? வரவேண்டாம். பாகில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று வகைதான் சொல்கிறோம். குறைவு, கூடுதல் சொல்வதில்லை. அப்படியே இறுகிய பதம், இளகிய பதம் என்போம்.

சாலைக்கு வேண்டியது இறுகிய பதம். கான்கிரீட்டைப் பரப்பிச் செல்லும் பேவர் எந்திரம் கடந்துபோனதும் பக்கப்பலகை இல்லாமலே விளிம்பு நிற்க வேண்டும். ஆனால் அதிர்வு பட்டதும் கலவை இளகி, இடைவெளியின்றி அடைந்துகொள்ள வேண்டும். 300 மி.மீ. உயரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கிச் சரிவை அளக்கும் சோதனை, தன் எடையில் கலவை எவ்வளவு அமர்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதனால்தான் இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456, சாலைக் கான்கிரீட்டுக்குச் சரிவைவிட இறுக்கக் காரணியே பொருத்தம் என்று 0.75 முதல் 0.80 வரை பரிந்துரைக்கிறது. தானாக விழுந்து உருளையை நிரப்பிய கலவையின் எடையை, முழுதும் இறுக்கி நிரப்பிய எடையால் வகுத்தால் கிடைப்பதே இறுக்கக் காரணி. 'வேலைத்திறன் 0.75' என்று எழுதினால் கலவை தேர்வில் 75 மதிப்பெண் வாங்கியது போலிருக்கிறது.