இலவசக் கச்சேரியில் உங்கள் இடம் எது?

பொங்கல் லீவு முடிந்ததும் என்னிடம் செவித்திறன் சோதனைக்கு வருகிறவர்களில் சிலர் ஒரே கதையைச் சொல்வார்கள். "காதுல ஙொய்ங்னு ஒரே சத்தம் மேடம், ரெண்டு நாளா போகல." விசாரித்தால் ஏதாவது ஒரு திடலின் பெயர் வரும். இந்த முறை அப்படிச் சொன்னவர் தோளில் ஒரு சின்னப் பிள்ளை. அதையும் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால்தான் உட்கார வைத்திருந்தாராம். போதும் என்றாகிவிட்டது.

கச்சேரி மேல் எனக்குக் கோபமில்லை. ராமநவமிப் பந்தலில் வெயில் காலத்து இலவசக் கச்சேரி நம் ஊருக்குப் பழசு. 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியபோது கிராமியக் கலைகளையும் சேர்த்துப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள், டிக்கெட் இல்லாமல். நல்ல காரியம். இடையில் சில வருடம் நின்றுபோய், 2023இல் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' என்று திரும்பவும் வந்தது.

ஆனால் டிக்கெட் இல்லை என்றால் சீட் நம்பரும் இல்லை. மேடைக்கு எதிரே வி.ஐ.பி. சோபா. சீக்கிரம் வந்து, பிள்ளைகளோடு முன்னால் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு மிச்சம் இரண்டு ஓரம்தான். ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருப்பதும் அதே ஓரத்தில்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஓப்பன் கிரவுண்டுதானே மேடம், சத்தமெல்லாம் காத்தோட போயிடும்." போகாது. திறந்தவெளியில் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி கிடையாது, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து நேராக உங்கள் காதுக்கு வருகிற சத்தத்துக்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் சொல்லப்போனால், சுவர் இல்லாததால்தான் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று சவுண்ட் சர்வீஸ்காரர் ஏற்றி வைக்கிறார். அந்தக் கடைசி ஆளுக்கான சத்தத்தை முதலில் வாங்குவது உங்கள் பிள்ளையின் காது. தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். திறந்தவெளி உங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீங்கள் தள்ளி உட்கார வேண்டும்!

85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் ஸ்பீக்கர் பக்கம் சத்தம் 100 டெசிபலைத் தொட்டால் 15 நிமிடம்தான். ஒரு பாட்டு, ஒரு தனி ஆவர்த்தனம், முடிந்தது. இரவு 10 மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்கானவை, முன்வரிசைக் காதுக்கானவை அல்ல.

"காலைல சரியாயிடுச்சே" என்பது அடுத்தது. இரைச்சல் அடங்கினால் காது முழுதாகத் தப்பித்தது என்று அர்த்தமில்லை. உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும்; அந்தக் கீச்சுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "சத்தத்துல வேலை பார்க்கிறீங்களா?" தவில், பறைக் கலைஞர்கள் பலரிடம் இந்தப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது பிழைப்பு. உங்களுக்கு?

தயவுசெய்து பின்னால் போய் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அது தப்பான இடம். பஞ்சு வைப்பது பேருக்குத்தான்; மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர்பிளக் கேளுங்கள், சுருட்டி உள்ளே வைத்தால்தான் பலன். சின்னப் பிள்ளைக்குக் காதை முழுக்க மூடும் இயர்மஃப். அதுவும் இல்லையா, அந்தப் பக்கமே கூட்டிப்போகாதீர்கள். நடுவில் ஒரு சுண்டலோ பஜ்ஜியோ வாங்குகிற சாக்கில் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுவிட்டு வாருங்கள், காதுக்கும் ஓய்வு.

மறுநாளும் காது அடைத்தே இருந்தால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால், அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். சில நாள் தள்ளினாலும் மருந்துக்குப் பிடி கொடுக்காமல் போகலாம். அதுவரை எண்ணெய் காய்ச்சி மட்டும் ஊற்றாதீர்கள்.