எடுத்த இடம் ஆறிவிட்டது, வயிறு அதேதான்

"வேரோட எடுத்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்? அப்புறம் எதுக்கு மறுபடியும் குழாய்?"

கேட்டவர் மளிகைக் கடைக்காரர், வயது 62. நான்கு வருடத்துக்கு முன் அவருடைய இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இருந்த ஆரம்பநிலைப் புற்றுநோயை, வயிற்றைத் திறக்காமல், வாய் வழியாக விடும் கேமராக் குழாயான எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றியிருந்தோம். இரண்டு வருடம் ஒழுங்காக வந்தார். பிறகு ஆளைக் காணோம். இந்த முறை மகள்தான் விடாப்பிடியாக அழைத்து வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் பழைய ரிப்போர்ட்டுகள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அவர் கேட்டதில் தவறில்லை. வேரோடு எடுத்துவிட்டோம் என்று சொன்னது நான்தான், அது உண்மையும்கூட. ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றை அவர் மனதில் பதியும்படி நான் சொல்லவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இரைப்பையின் உட்புறச் சளிச்சவ்விலோ அதற்கு அடுத்த அடுக்கிலோ நின்றுவிட்ட புற்றுநோயைத்தான் ஆரம்பநிலை என்கிறோம். இந்த வரையறையை 1962-இல் ஜப்பானியர்கள் வகுத்தார்கள். இந்த நிலையில் பெரும்பாலும் வலி இருக்காது, வாந்தி இருக்காது, எடையும் குறையாது. நம் பக்கம் வயிற்றுப் புற்றுநோயோடு வருகிறவர்களில் பலர் சாப்பிட்டது இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது என்ற நிலையில்தான் வருகிறார்கள். ரத்தசோகைக்கோ நெஞ்செரிச்சலுக்கோ குழாய் விட்டுப் பார்க்கும்போது தற்செயலாக இது கண்ணில் படுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இவர் அப்படித்தான் தப்பினார்.

அகற்றும் முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கட்டியைச் சுற்றி முதலில் புள்ளிகளால் எல்லை வைப்போம். அடியில் ஒரு திரவத்தைச் செலுத்தி அந்த இடத்தை மேலே உப்ப வைப்போம். எல்லைக்கு வெளியே சுற்றிலும் வெட்டி, பிறகு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுப்போம். கல்லில் ஒட்டிய தோசையை, ஓரம் பிய்யாமல், அடியில் கரண்டி விட்டு எடுக்கிற பக்குவம் அதற்கு வேண்டும். எடுத்த துண்டைக் கார்க் பலகையில் விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்தி, ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் மருத்துவரிடம் அனுப்புவோம். அவர் அதை 2 மில்லிமீட்டர் கீற்றுகளாக அறுத்து ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்ப்பார். வீட்டுக்கு அனுப்பலாமா, அறுவை சிகிச்சை தேவையா என்பதை அந்த ரிப்போர்ட்தான் தீர்மானிக்கிறது. அதனால் அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

அதில் நான் முதலில் தேடுவது ஓரம். ஓரங்களில் புற்றணு இல்லை என்றால், ஒரே துண்டாக எடுத்த அந்த இடத்திலேயே நோய் திரும்புவது நூற்றுக்கு ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவு. கம்பி வளையம் போட்டுத் துண்டு துண்டாக எடுத்த பழைய முறையில் இது அதிகமாக இருந்தது. அடுத்தது ஆழம். சளிச்சவ்வைத் தாண்டி அரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தாலோ, ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புற்றணு புகுந்திருந்தாலோ, நோய் அருகிலுள்ள நெறிக்கட்டுகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கலாம் என்ற பயம் வருகிறது. அப்போது அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்போம். அப்படி அறுவை செய்துகொண்டவர்களில் நெறிக்கட்டில் நோய் இருந்தது பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். ஆகவே எண்பது வயதுக்காரர், இதய நோயாளி என்றால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் உடல் தாங்கும் என்றால் தயங்க வேண்டாம் என்பேன். நெறிக்கட்டு வழியாகத் திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம்.

மளிகைக் கடைக்காரரின் ரிப்போர்ட்டில் எல்லாமே நல்லபடியாக இருந்தன. ஓரம் சுத்தம், ஆழம் மேலோட்டம், ரத்த, நிணநீர்க் குழாய்களில் எதுவும் இல்லை. பிறகும் ஏன் வரச் சொல்கிறோம்?

அந்தப் புற்றுநோய் வெறும் தரையில் முளைக்கவில்லை. ஓதம் ஏறிய சுவரைப் பார்த்திருப்பீர்கள். காரை பெயர்ந்த இடத்தைக் கொத்திப் பூசிவிடலாம், பூசிய இடம் நன்றாகவே நிற்கும், இரண்டு மழை கழித்து நான்கடி தள்ளி இன்னோரிடத்தில் பெயரும். பல வருடம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி குடியிருந்த இரைப்பையும் அப்படித்தான். சளிச்சவ்வு முழுக்க மெலிந்து, சில இடங்களில் குடலின் உட்புறம் போலவே மாறியிருக்கும். நாங்கள் எடுத்தது ஒரு நாணயம் அளவு. மற்றதெல்லாம் அதே பழைய வயிறு.

டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவர்கள், முழுமையாக அகற்றப்பட்டவர்களை நெடுநாள் தொடர்ந்து பார்த்து 2015-இல் கணக்கு வெளியிட்டார்கள். அதே வயிற்றில் வேறோர் இடத்தில் புதிய புற்றுநோய் வந்தது ஐந்து வருடத்தில் 9.5 சதவீதம் பேருக்கு, ஏழு வருடத்தில் 13.1 சதவீதம் பேருக்கு, பத்து வருடத்தில் 22.7 சதவீதம் பேருக்கு. வருடம் போகப் போக எண்ணிக்கை ஏறுகிறது. "அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்ல" என்ற பேச்சு மற்ற பல புற்றுநோய்களுக்குப் பொருந்தலாம், எண்டோஸ்கோபியால் காப்பாற்றப்பட்ட இரைப்பைக்குப் பொருந்தாது. இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. ஒழுங்காகப் பார்த்து வருபவர்களிடம் அந்தப் புதியது பெரும்பாலும் சிறிதாக இருக்கும்போதே அகப்படும், மறுபடியும் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம்.

கிருமியை ஒழித்தால் இந்த அபாயம் குறையும். தென் கொரியாவில், ஆரம்பநிலைப் புற்றுநோய் அகற்றப்பட்டவர்களில் ஒரு பாதிக்குக் கிருமி ஒழிப்பு மருந்தும் மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஏறக்குறைய ஆறு வருடத்தில் புதிய புற்றுநோய் வந்தது மருந்து எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு, எடுக்காதவர்களில் 13.4 சதவீதம் பேருக்கு. பாதியாகக் குறைந்தது, பூஜ்யமாகவில்லை. கிருமி போய்விட்டதென்று எண்டோஸ்கோபியை நிறுத்தவும் முடியாது.

நம் ஊரில் இடறி விழுகிற இடம் இதற்குள்தான் இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கும் கிருமிக்கு மருந்து கொடுத்திருந்தோம். போய்விட்டதா என்று பார்க்க அவர் வேறோர் ஊரில் மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மஞ்சள் பையில் அந்தத் தாள் இருந்தது, 'நெகட்டிவ்' என்று. நான் மகளைக் கேட்டேன், அந்தச் சமயத்தில் அப்பா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா என்று.

"கேஸ் மாத்திரை மட்டும்தான் டாக்டர். அது தினமும் காலைல வெறும் வயித்துல போட்டுருவாரு. பல வருஷமா."

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல் அடக்கி மட்டும் வைக்கும். அப்போது மூச்சுப் பரிசோதனை செய்தால் இருக்கும் கிருமியும் இல்லை என்று வரலாம். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், ஆன்டிபயாட்டிக் முடிந்து நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை. எங்கள் கோப்பிலும் அந்த நெகட்டிவை அப்படியே குறித்து வைத்திருந்தோம்.

மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தேன். பழைய இடத்தில் வெள்ளைத் தழும்பு, சுற்றியிருந்த மடிப்புகள் நட்சத்திரம் போல அதை நோக்கிக் கூடியிருந்தன. அங்கே ஒரு குறையும் இல்லை. அதற்கு மேலே, நன்றாகத் தள்ளி, லேசாகச் சிவந்து லேசாகக் குழிந்து ஓர் இடம், 8 மில்லிமீட்டர் இருக்கும். சளியைக் கழுவிவிட்டு நின்று பார்த்ததால்தான் தெரிந்தது. அங்கிருந்து கிள்ளி எடுத்து அனுப்பிய பயாப்ஸியில் ஆரம்பநிலைப் புற்றுநோய் என்று வந்தது. கிருமியும் இருந்தது.

பல் விளக்கும்போதோ சாப்பிடும்போதோ ஒரு நாளும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. "வயிறு நல்லாத்தான் இருக்கு" என்பது இந்த நோயில் எதற்கும் சான்றல்ல. ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சி.டி. ஸ்கேன் நெறிக்கட்டையும் கல்லீரலையும் பார்க்கத்தான். சளிச்சவ்வில் இருக்கும் 8 மில்லிமீட்டர் சிவப்பு அதில் தெரியாது, பெட் ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீடு நார்மலாக இருப்பதை நம்பியும் உட்கார முடியாது. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை குழாய்தான்.

"மொத்த வயித்தையும் எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே?" என்று மகள் கேட்டார். பயத்தில் வருகிற கேள்வி, நியாயமானது. இரைப்பை இல்லாமல் வாழ முடியும். ஆனால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது, எடை இறங்கும், பி12 ஊசி வாழ்நாள் முழுக்க வேண்டும். அவருக்கு வயிற்றைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக அவர் தர வேண்டியது வருடத்தில் ஓரிரு காலை நேரம்.

இரண்டாவதையும் அதே முறையில் எடுத்தாயிற்று. ஓரம் சுத்தம். கிருமிக்குப் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகள், 14 நாள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். பீடியை விடச் சொன்னேன், கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொன்னேன்.

பெற்றோருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தால் பிள்ளைகளும் கிருமிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மகளுக்கும் மூச்சுப் பரிசோதனை எழுதினேன். எழுதிக்கொண்டே, "நீங்க கேஸ் மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" என்றேன். அப்பாவுடைய அட்டையிலிருந்தே அவரும் தினமும் ஒன்று போட்டுக்கொள்வாராம். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.